எடுத்துக்கொண்டது

ஒரு வீட்டை இரண்டாகப் பிரிப்பது அப்படியொன்றும் பெரிய வேலையில்லை என்பது லிஃப்ட் மெக்கானிக்குக்கு இந்த மாதம்தான் தெரிந்தது. பெரிய சாமான்களெல்லாம் தாமாகவே பிரிந்துகொண்டன. பீரோ மனைவியுடையது, அவள் பக்கத்திலிருந்து வந்தது. வாஷிங் மெஷின் மகள் இருக்கிற வீட்டில்தான் இருக்க வேண்டும், அதில் பேச்சே கிடையாது. அவனுக்கு ஒரு மேஜை மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, இரண்டு போர்வை, ஒரு மடக்குக் கட்டில். கட்டிலைக்கூட மனைவிதான் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தாள். "அங்க தரை ஜில்லுனு இருக்கும். உங்க முதுகுக்கு ஒத்துக்காது" என்றாள். பிரிந்து போகிறவனின் முதுகைப் பற்றி இவ்வளவு அக்கறை எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதிலுக்கு இவன் ஒரு பதில் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் அதற்குத் தெம்பில்லை.

ஏன் பிரிகிறார்கள் என்று துருவித் துருவிக் கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் பெருத்த ஏமாற்றம். குடி கிடையாது, அடி கிடையாது, இன்னொருத்தி கிடையாது, இன்னொருத்தனும் கிடையாது. அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். நாளெல்லாம் நின்றுகொண்டே, "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் யாரிடமும் எதுவும் சொல்லப் பிடிக்காமல் உட்கார்ந்துவிடுவாள். அவன் வேலை அதற்கு மேல். எந்தக் கட்டடத்தில் எவன் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டாலும் இவன் ஃபோன் அடிக்கும். சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓட வேண்டும். முதலில் சண்டை போட்டு அலுத்தார்கள். பிறகு சண்டை போடாமல் அலுத்தார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குழாய் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடலாமா என்று பேசுகிற தொனியில், தனித்தனியாக இருந்துவிடலாம் என்று பேசி முடித்தார்கள். அவனுடைய அத்தை மட்டும் ஃபோனில், "சொல்றதுக்கு ஒரு காரணம்கூட இல்லாம எப்படிடா பிரியறீங்க? நாலு பேர் கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?" என்று அங்கலாய்த்தாள். ஏதாவது ஒரு காரணத்தை அவளே கட்டிச் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான்.

அவனுக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு விஷயம்தான். மகள். பதினான்கு வயது. அவ்வளவு உயரம் வளர்ந்த பிறகும் வீட்டில் அவளுக்குக் குட்டி என்றுதான் பெயர். சேதி தெரிந்த நாளிலிருந்து அப்பாவிடம் ஒற்றை வார்த்தைதான். ம். இல்ல. சரி. புதிதாகப் பிடித்திருக்கிற அறை இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தது. "சனிக்கிழமை சனிக்கிழமை வந்து இருந்துட்டுப் போயேன் குட்டி" என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தான். இரண்டு தடவையும், "பாக்கலாம்" என்றாள். பாக்கலாம் என்று யாராவது சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாத அளவுக்கு அவன் பச்சைப்பிள்ளை இல்லை. கல்யாணம் போனது போகட்டும், பெண் தன்னைப் பார்க்க வருவாளா மாட்டாளா என்பதுதான் அவனுக்குச் சாப்பாட்டை இறங்கவிடாமல் செய்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே மனைவி சொன்னாள். "கம்ப்யூட்டர்ல உங்களுது இருக்கறதை எல்லாம் எடுத்துக்குங்க. இடமில்ல, இடமில்லன்னு அது தினமும் கத்திக்கிட்டிருக்கு. குட்டி பரீட்சைக்குப் படிக்கணும்."

"எதுல எடுத்துக்கறது?"

"வெளியே மாட்டற மாதிரி ஹார்ட் டிஸ்க் தனியா விக்கறாங்களே. நல்லதா, நம்பிக்கையானதா பாத்து ஒண்ணு வாங்குங்க. கண்டதை வாங்கிட்டு வந்து நிக்காதீங்க."

கம்ப்யூட்டரில் தன்னுடையது என்ன இருக்கிறது என்று அவன் யோசித்துப் பார்த்தான். லிஃப்ட் கம்பெனிகள் அனுப்பிய வயரிங் படங்கள் கொஞ்சம் இருந்தன. மற்றபடி ஃபோட்டோவும் வீடியோவும்தான். மகள் பிறந்த நாளிலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே அலைந்தது அவன்தான். அந்த வீட்டில் அவன் கையால் செய்தது என்று சொல்லிக்கொள்ள அதைவிட வேறு எதுவும் இல்லை. அப்படியென்றால் அவைதான் தன்னுடையவை என்று முடிவு கட்டினான். தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது, ஆனால் அது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

கடை குறுகலாக நீண்டு கிடந்தது. பின்கோடியில் கடைக்கார அம்மா கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு, பிரித்துப் போட்ட ஒரு டிஸ்க்கை விளக்கில் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய அதே மாதிரி செத்துப்போனவை.

"நம்பிக்கையா ஒரு ஹார்ட் டிஸ்க் வேணும்" என்றான்.

"நம்பிக்கையாவா?" அவள் அட்டைப்பெட்டியைக் காலால் தள்ளிக் காட்டினாள். "இது எல்லாம் நம்பி வாங்கினதுதாங்க. எந்த டிஸ்க்கும் ஒரு நாள் போகத்தான் போகுது. என்ன போட்டு வைக்கப் போறீங்க?"

"ஃபோட்டோ, வீடியோ. பொண்ணு கைக்குழந்தையா இருந்ததுலேர்ந்து."

"அப்படின்னா, சினிமா போட்டு வைக்க வர்றவங்களுக்குக் காட்டறதை உங்களுக்குக் காட்டக் கூடாது" என்று எழுந்தாள். அவளுக்கும் அன்றைக்கு நாள் முழுக்க நின்ற அலுப்பு. முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். ஆனாலும் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். "இதுக்குள்ள தட்டு சுத்தும். நிறைய கொள்ளும், விலையும் கையைக் கடிக்காது. ஆனா கீழே போட்டீங்கன்னா கதை கந்தல். இது வேற, இதுல சுத்தறது எதுவும் கிடையாது, எல்லாம் சிப்பு. விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும், வேகமும் ஜாஸ்தி. விலை மட்டும் மலை. அதோட, வருஷக்கணக்கா கரண்ட்டே காட்டாம பீரோவுல போட்டு வெச்சீங்கன்னா உள்ள இருக்கறது மறந்துபோனாலும் போகும்."

"போறதுக்கு முன்னாடி தெரியுமா?"

"தட்டு உள்ளது அனேகமா டக்கு டக்குனு கொஞ்ச நாள் புலம்பும். காது குடுத்துக் கேட்டவங்க தப்பிச்சுக்குவாங்க. சிப்பு புலம்பாது. நேத்து நல்லா இருக்கும், இன்னிக்கு இருக்காது."

லிஃப்ட் மெக்கானிக் சத்தத்தை வைத்துப் பிழைக்கிறவன். மோட்டார் முனகினால் எங்கே வலி என்று மாடிப்படி ஏறும்போதே சொல்லிவிடுவான். சத்தமே போடாமல் கெட்டுப்போகிறவை எப்படியிருக்கும் என்றும் இப்போது அவனுக்கு நன்றாகத் தெரியும், வீட்டிலேயே ஒன்றைப் பார்த்துவிட்டான். "புலம்பறதையே குடுங்க" என்றான்.

"எத்தனை வருஷம் வரும்?" என்று பிறகு ஒரு பேச்சுக்குக் கேட்டான்.

"கல்யாணத்துக்கு கேரண்டி கேக்கற மாதிரியில்ல கேக்கறீங்க!" என்று கடைக்கார அம்மா சிரித்தாள். இவன் முகத்தில் ஈயாடவில்லை. அவள் அதைக் கவனிக்காமல் பெட்டியைத் திருப்பி, ஒட்டிய சீல் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்தாள். "வாரண்டி போட்டிருக்காங்க. ஆனா அது டிஸ்க்குக்கு மட்டும்தான். போச்சுன்னா புது டிஸ்க் குடுப்பாங்க, உங்க பொண்ணு தவழ்ந்ததை யாரு திருப்பிக் குடுப்பா? நான் சொல்றதைக் கேளுங்க. எவ்வளவு ஒசத்தியா வாங்கினாலும் ஒரே இடத்துல வெச்சுக்காதீங்க. கம்ப்யூட்டர்லயும் இருக்கணும், இதுலயும் இருக்கணும். முடிஞ்சா இது வேற ஒரு வீட்டுல இருக்கணும். தண்ணி வந்தாலும் திருடன் வந்தாலும் ஒரு வீட்டுலதானே வருவான்? உங்களுக்கு வேற வீடு ஏதாவது இருக்கா?"

"ஒண்ணாம் தேதியிலேர்ந்து இருக்கு."

"அட, புது வீடா? சந்தோஷம்" என்று சொல்லிப் பையில் போட்டுக் கொடுத்தாள். அவன் சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தான். அந்தச் சந்தோஷம் என்கிற ஒரு வார்த்தை குத்தியதிலேயே அவள் முன்னால் சொன்னதில் பாதியைத் தொலைத்துவிட்டான். இல்லாவிட்டால் மறுநாள் அவன் செய்த காரியத்தைச் செய்திருக்க மாட்டான்.

மறுநாள் அவனுக்கு விடுமுறை. வீட்டில் யாருமில்லை. கூடத்து மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, பின்பக்கத்தில் கைக்கு அகப்பட்ட ஓட்டையில் டிஸ்க்கை மாட்டினான். ஃபோட்டோக்களை வகை பிரித்து வைத்தது மனைவி. அவள் வைத்த பெயர்களே ஒரு தினுசாக இருக்கும்: 'குட்டி', 'குட்டி புதுசு', 'குட்டி ரொம்பப் புதுசு', 'அப்புறம் பாக்கணும்'. அப்புறம் பாக்கணும் என்பதில்தான் எல்லாவற்றையும்விட நிறைய இருந்தது. மொத்தத்தையும் சேர்த்துப் பிடித்தான். மவுஸின் வலது பட்டனைத் தட்டினால் கட், காப்பி என்று இரண்டு வந்தது.

இந்த இடத்தில் அவனைச் சட்டென்று மடையன் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவன் பிழைப்பு அப்படி. அவன் வேலையில் எடு என்றால் அகற்று என்று அர்த்தம். "மெயினை எடுத்தாச்சா?" என்று மேலேயிருந்து கத்தினால், கரண்ட்டைத் துண்டித்துவிட்டாயா என்று கேட்கிறான். "ரோப்பை எடு" என்றால் பழைய கயிற்றைக் கழற்றிக் கீழே போட வேண்டும். எடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு எடுக்காமல் வைத்தவர்கள் ஆஸ்பத்திரியில்தான் கண் விழிப்பார்கள். அவள் எடுத்துக்குங்க என்றாள். இடமில்லை என்று கத்துகிறது என்றும் சொன்னாள். காப்பி எடுத்தால் அசல் அங்கேயேதானே கிடக்கும், இடம் எப்படி வரும்? நியாயமாக யோசித்து, கட் கொடுத்தான். பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்துபோவதைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் கம்ப்யூட்டரில் ஏகப்பட்ட இடம் காலியாகியிருந்தது. சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்ட நிம்மதியில் டிஸ்க்கைத் துணியில் சுற்றி டூல் பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். புது அறையின் கதவுக்கு இன்னும் நல்ல பூட்டுப் போடவில்லை; கூடவே வைத்திருப்பதுதான் பத்திரம் என்று நினைத்தான்.

அடுத்த நாள் மத்தியானத்துக்கு மேல் ஒரு ஆபீஸ் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் பிரேக் கட்டையை மாற்றிக்கொண்டிருந்தபோது மனைவியின் ஃபோன் வந்தது. வேலை நேரத்தில் அவள் கூப்பிடுகிற வழக்கமில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தான்.

"கம்ப்யூட்டர்ல குட்டி ஃபோட்டோ ஒண்ணையும் காணோம். நீங்க ஏதாவது பண்ணினீங்களா?"

"எடுத்துக்கச் சொன்னியே, எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்கன்னா?"

"எடுத்துட்டேன்னா எடுத்துட்டேன்தான். மொத்தமா எடுத்தாச்சு. இடம் நிறைய வந்திருக்குமே."

 அந்தப் பக்கம் அவள் குரல் கிளம்பியது. எத்தனையோ மாதமாக அவன் கேட்டிராத குரல். "ஏங்க, நான் தினமும் எக்ஸ்ரே எடுக்கறேனே, எடுத்ததும் அவங்க எலும்பு என்கிட்ட வந்துடுதா? எடுக்கறதுன்னா என்னங்க? ஒரு காப்பி எடுத்துக்கறதுன்னு தெரியாதா? அதுவும் உங்களுதைத்தானே எடுத்துக்கச் சொன்னேன்! அந்த வயரிங் படம், கழுதை, குதிரைன்னு இறக்கி வெச்சிருக்கீங்களே, அதைச் சொன்னேன். அதெல்லாம் அப்படியே கிடக்கு. என் பொண்ணை மட்டும் சுருட்டிக்கிட்டுப் போயிருக்கீங்க!"

"உன் பொண்ணா?" என்று அவனுக்கும் ஏறிவிட்டது. "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீ கேமராவைத் தொட்டிருப்பியா? அத்தனையும் நான் எடுத்தது!"

"எடுத்தா உங்களுதாயிடுமா? நான் அவளுக்குச் சட்டை மாட்டி, தலை சீவி, அழுதா சமாதானம் பண்ணிக் கொண்டாந்து நிறுத்தினப்புறம்தானே நீங்க எடுத்தீங்க?"

மோட்டார் அறையே அதிர்ந்தது. பல வருஷமாகப் போடாமல் சேர்த்து வைத்திருந்த சண்டையை இரண்டு பேரும் ஃபோனில் போட்டுத் தீர்த்தார்கள். மூச்சு வாங்கி நின்ற பிறகு அவன்தான் மெதுவாகக் கேட்டான். "குட்டி அழறாளா?"

"அழுதிருந்தா தேவலையே. கம்ப்யூட்டரைத் திறந்தா, பாத்தா, 'அப்பா என்னையும் எடுத்துட்டுப் போயிட்டாரா'ன்னு கேட்டா. கேட்டுட்டுப் போய்ப் படுத்துட்டா. சரி, அதைப் பத்திரமா வெச்சிருக்கீங்களா இல்லையா? அதாவது சொல்லுங்க."

அவன் திரும்பி டூல் பையைப் பார்த்தான். காலையில் வந்ததும் வழக்கம்போல அதைத் தோளிலிருந்து அப்படியே சிமென்ட் தரையில் போட்டிருந்தான். தொப்பென்று விழுந்த சத்தம் இப்போதுதான் அவன் காதில் கேட்டது. உள்ளே சுத்தியல், ஸ்பானர், அரைக்கிலோ போல்ட்டு. அவற்றுக்கு நடுவே துணியில் சுற்றிய அந்தத் தட்டு. கீழே போட்டால் கதை கந்தல் என்று அந்த அம்மா படித்துப் படித்துச் சொன்னாளே! மகளின் பதினான்கு வருஷமும் உலகத்திலேயே இப்போது அந்த ஒரு பைக்குள்தான் இருக்கிறது, வேறு எங்கேயும் இல்லை. 

"பத்திரமா இருக்கு" என்று பொய் சொன்னான்.

பிரேக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஓட முடியாது, அதை நம்பி நாலு பேர் ஏறப்போகிறார்கள். மாட்டி முடித்து, இரண்டு தடவைக்கு மூன்று தடவையாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினான். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. டிஸ்க்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் இருக்கையிலிருந்து லேசாக எழுந்துகொண்டான். பக்கத்தில் இருந்தவர், "மூலமா? எனக்கும் இருந்துச்சு, ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டான். விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க அவனுக்குத் திராணியில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி ஆஸ்பத்திரிப் புடவையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவன் யாரையும் பார்க்காமல் நேராகப் போய், அவசரத்தில் கம்ப்யூட்டரின் முன்பக்கத்திலேயே டிஸ்க்கைச் செருகினான். ஒன்றும் வரவில்லை. மறுபடி செருகினான். உள்ளேயிருந்து டக்கென்று ஒரு சத்தம். அதோடு சரி. இன்னொரு தடவை செருகினான். மறுபடி டக்.

"என்ன சத்தம் அது?" என்று மனைவி எழுந்து வந்தாள்.

அவனுக்குக் காலையில் பையைத் தூக்கிப் போட்ட தோளை வெட்டிப் போடலாம் போலிருந்தது. வாழ்நாளெல்லாம் அடுத்தவன் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் தொழில், சொந்தப் பெண்ணைத் தானே கீழே போட்டுவிட்டோமே என்று நினைத்தான்.  அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"முன்னாடி குத்தினா வராது. அதுல கரண்ட் பத்தாது, என் பென் டிரைவே சமயத்துல வராது. பின்னாடி குத்துங்க."

மகள் கதவருகில் நின்றிருந்தாள். படுத்த தலைமுடி ஒரு பக்கமாகக் கலைந்து கிடந்தது. ஒரு மாதத்தில் அவள் அவனிடம் பேசிய முதல் முழு வாக்கியங்கள் அவை. அவன் மேஜைக்கு அடியில் முட்டி போட்டு நுழைந்து, தூசிக்குள் கையை விட்டுத் தடவி, பின்பக்கத்து ஓட்டையில் செருகினான். உள்ளே ஏதோ மெல்லச் சுழல ஆரம்பித்தது. விரலை வைத்துப் பார்த்தான், ஒரே சீரான அதிர்வு. தொழில்காரனுக்கு அது போதும்.

"வந்துடுச்சு" என்றாள் மனைவி மேலேயிருந்து. அவன் மேஜைக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். வெளியே வந்தால் முகத்தைப் பார்த்துவிடுவார்கள்.

இந்தத் தடவை காப்பியை மகளே கொடுத்தாள். அப்பாவின் கை பட வேண்டாம் என்று மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பச்சைக் கோடு மறுபடி ஊர ஆரம்பித்தது. மனைவி மூன்று பேருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தாள். ஆளுக்கொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். திரும்பி வந்தவை ஒன்றொன்றாகத் திரையில் முளைத்தன. பல் இல்லாமல் சிரிக்கிற குட்டி. தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்ட குட்டி. மாடிப்படியில் உட்கார்ந்து முறைக்கிற குட்டி, பக்கத்தில் அசந்து தூங்குகிற அம்மா.

"நான் ஏன் இதுல தூங்கறேன்?" என்றாள் மனைவி.

"நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்த. சாவியைத் தேடிக்கிட்டே படியில உக்காந்தவ அப்படியே தூங்கிட்ட. எழுப்ப மனசு வரல."

"எழுப்பாம ஃபோட்டோ எடுத்திருக்கீங்க."

"சாவி என்கிட்டதான் இருந்துச்சு. அதைச் சொன்னா திட்டுவேன்னு சொல்லல."

அவள் சிரித்தாள். சிரித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற வயதை இரண்டு பேருமே தாண்டிவிட்டார்கள், அது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் சிரித்தாள். ஒண்ணாம் தேதி வந்தால் அவன் போகத்தான் போகிறான். அந்த மடக்குக் கட்டில் அதோ, கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தபடி இருக்கிறது.

மகள் வரிசையாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "அப்பா, நீங்க ஒண்ணுலகூட இல்ல" என்றாள்.

"நான்தானே எடுத்தேன். எடுக்கறவன் எப்படிம்மா படத்துல இருப்பான்?"

அவள் ஒரு வீடியோவை ஓடவிட்டாள். மூன்று சக்கர சைக்கிளில் அவள் வட்டம் சுற்றுகிறாள். ஆளைக் காணாத ஒரு குரல், "பாத்து, பாத்து, நான் இருக்கேன், மிதி" என்று கத்திக்கொண்டே வருகிறது. அவனுடைய குரல்தான், ஆனால் இவ்வளவு தெம்பாக ஒரு காலத்தில் பேசினோமா என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. வீடியோ முடிந்தது. மகள் அதை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். மத்தியானம் கம்ப்யூட்டரைத் திறந்தவள் எதைத் தேடினாள் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.  டீயைக் குடிக்கிற மாதிரி டம்ளரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான்.

நன்றாக இருட்டிய பிறகுதான் காப்பி முடிந்தது. மகள் எண்ணி, சரிபார்த்து, டிஸ்க்கைக் கழற்றும் முறைப்படி கழற்றி, துணியிலேயே சுற்றி அவன் கையில் வைத்தாள். இப்போது இங்கேயும் இருந்தது, அவனிடமும் இருந்தது. யாருக்கும் எதுவும் குறையவில்லை.

"அங்க இதை எதுல போட்டுப் பாப்பீங்க?" என்று கேட்டாள்.

  அவன் கடைக்குப் போய் விசாரித்து, தட்டா சிப்பா என்று தலையைப் பிய்த்துக்கொண்டு, நம்பிக்கையானதாகப் பொறுக்கி எடுத்து வாங்கிவிட்டான். போகிற அறையில் ஒரு கட்டில் இருக்கும், மின்விசிறி இருக்கும், இஸ்திரிப் பெட்டி இருக்கும். கம்ப்யூட்டர் கிடையாது. அதை அவன் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

மனைவி அவனைப் பார்த்தாள். எப்போதும் போல ஏதாவது சொல்லப்போகிறாள் என்று எதிர்பார்த்தான். அவளோ டம்ளர்களை அடுக்கிக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனாள்.

மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். "அம்மாவோட பழைய லேப்டாப் அலமாரியில சும்மாதான் கிடக்கு" என்றாள். "பாட்டரி செத்துப்போச்சு. வயர்லயேதான் ஓடும். நான் வர்றப்ப கொண்டு வரேன்."

"எப்ப வர்றப்ப?"

"சனிக்கிழமை." அதைச் சொல்லும்போது அவள் அவனைப் பார்க்கவில்லை, சமையலறைப் பக்கம் பார்த்தாள். உள்ளே குழாய் ஓடுகிற சத்தம் சட்டென்று நின்றது.

"சார்ஜர் மேல் தட்டுல இருக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பிறகு குழாய் மறுபடி ஓட ஆரம்பித்தது.

"வயர் ரொம்பக் குட்டையா இருக்கும்" என்றாள் மகள். "பிளக்குக்குப் பக்கத்துலயே உக்காந்துதான் பாக்கணும். உங்க ரூம்ல பிளக் எங்க இருக்கு?"

அவன் அந்த அறையை மனத்துக்குள் கொண்டுவந்து பார்த்தான். வாடகை பேசப் போனபோது ஒரு முறை, சாவி வாங்கப் போனபோது ஒரு முறை. நாலு சுவர் ஞாபகம் வந்தது. பிளக் ஞாபகம் வரவில்லை. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கிறவன், தான் குடியிருக்கப் போகிற இடத்தில் ஒன்றையும் பார்க்காமல் வந்திருக்கிறான்.

"நீ எங்க உக்காருவேன்னு சொல்லு" என்றான். "அங்க வெச்சுடறேன்."